கொசுறில்லாத கண்ணாடி

"நான் செத்தா, சவப்பெட்டிக்காரன்கிட்ட நாலு ஆணி கொசுறு வாங்கிக்கிட்டுத்தான் உள்ள படுப்பேன். கொசுறு வாங்காம இந்த சத்துர்னினா உவராச்சி இதுவரைக்கும் ஒரு சாமான் வாங்கினதில்ல, இனியும் வாங்கமாட்டா. எல்லாரும் கேட்டுக்கங்க!"

கோல்க்காபம்பா சந்தையின் நட்டநடுவில், கினுவாத் தானிய மூட்டையின் மேல் ஏறி நின்று, ஊரார் மரியாதையாகத் தோன்யா என்றழைக்கும் சத்துர்னினா இப்படி முழங்கினாள். மூட்டை மேல் ஏறியதற்கு ஆவேசம் மட்டும் காரணமல்ல, ஆள் குள்ளம். தலையில் இருந்த வட்டத் தொப்பியையும் சேர்த்துக்கொண்டால்தான் அவளுக்கு உயரம் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று கிடைக்கும். ஆனால் குரல் இருந்ததே, அது பொலிவிய மேட்டுநிலம் முழுவதற்கும் போதுமானது. அடுத்த வரிசையில் கட்டியிருந்த லாமா விலங்குகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பின.

சந்தைக்காரர்களுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. அவள் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதப் புகுந்தால் அது கொசுறுகளின் வரலாறாகத்தான் முடியும். கல்யாணத்தன்று பாதிரியார் ஆசீர்வாதத்தை முடித்துப் புத்தகத்தை மூடியபோது, "சாமி, காணிக்கையை முழுசாக் குடுத்துட்டோம். வாசல்ல எங்க கழுதை நிக்குது, அதுக்கும் ஒரு சிலுவை போட்டுடுங்க" என்று கேட்டு வாங்கியவள் அவள். கழுதை கணவனைவிடப் பல வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தது. ஆசீர்வாதம் யார்மேல் சரியாகப் பிடித்தது என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. பிரசவத்தில் ஒரு பிள்ளைக்குக் கூலி பேசியிருந்தாள். இரட்டையாகப் பிறந்ததும் மருத்துவச்சி கூடுதல் கூலிக்குக் கையை நீட்டினாள். "ரெண்டாவது கொசுறு. கொசுறுக்கு எவளாவது காசு கேப்பாளா?" என்று படுத்த படுக்கையிலேயே வழக்கை முடித்துவைத்தாள் சத்துர்னினா. அந்த இரண்டாவது மகன் நிக்கானோருக்கு நாற்பது வயதாகிறது, சுரங்க ஊரில் லாரி ஓட்டுகிறான், தொப்பை விழுந்துவிட்டது. ஊருக்கு வந்தால் இன்றைக்கும் அவன் பெயர் கொசுறுதான்.

வாங்குவதில் மட்டும் கெட்டிக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொடுப்பதிலும் அவளுக்கு இணை கிடையாது. விலை பேசியாயிற்று, தராசு முள் நேராக நின்றாயிற்று, காசு கைமாறியாயிற்று. அதற்குப் பிறகும் வாங்கியவள் நகரமாட்டாள். முதுகில் கட்டும் வண்ணச் சால்வையை விரித்துப் பிடித்தபடி நிற்பாள். விற்றவள் அவள் முகத்தை ஒரு முறை பார்த்து, அளக்காமல், எண்ணாமல், ஒரு கை அள்ளிப் போடுவாள். சாமான் தராசிலிருந்து வருகிறது, கொசுறு மனசிலிருந்து வருகிறது என்பது சந்தையின் வேதம். சோளக் கஞ்சி விற்கிறவள்கூடக் குவளை காலியானதும் அரைக் கரண்டி ஊற்றாமல் ஆளை எழுந்திருக்க விடமாட்டாள். சத்துர்னினாவின் கை சின்னக் கைதான். ஆனால் கொசுறு அள்ளும் நேரத்தில் விரல்கள் எங்கிருந்தோ நீண்டுவிடும் என்பார்கள்.

அப்படிப்பட்ட பெருமைக்குத்தான் கல் வடிவில் சோதனை வந்தது.

கினுவா கடுகளவு தானியம். வயலிலிருந்து வரும்போதே அதே அளவில், அதே நிறத்தில் பொடிக்கல்லையும் கூட்டிக்கொண்டு வரும். விற்கிறவள் பொறுக்கித்தான் விற்க வேண்டும். சத்துர்னினாவும் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச காலமாகக் கையைத் தள்ளிப் பிடித்தால்தான் தானியம் தெரிந்தது. பிறகு இன்னும் தள்ளி. கடைசியில் பார்வைக்குக் குறையில்லை, கை நீளம்தான் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தாள். "இந்த வருஷம் கல்லு சின்னதா விளையுது" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் மண்ணைக் குறை சொன்னாள்.

கோயில் மணியடிக்கும் தோன் எர்மோகெனெஸ் ஒருநாள் வந்து, உள்ளங்கையை விரித்து அவள் முன் நீட்டினார்.

"இது என்ன, தோன்யா சத்துர்னினா?"

"பல்லு."

"பல்லு என்னோடது. அது எனக்கே தெரியும். பக்கத்துல இருக்குதே, அது என்ன?"

சத்துர்னினா தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். "அதுவும் பல்லுதான். ரெண்டு விழுந்துடுச்சு போல. வயசாகுதில்ல, தோன் எர்மோ?"

"அது உன் கினுவாவுல கெடந்த கல்லு!" என்றார் அவர். முன்பல் போன இடத்தில் காற்று புகுந்து, கோபம் விசிலாக வந்தது.

எதிர்க்கடை பிளாசிதா தீக்கோனா இளவயதுக்காரி. கண்ணும் நன்றாகத் தெரியும், வாயும் நன்றாக நீளும். மறு சந்தையிலிருந்து புதுக் கூவல் ஒன்று கிளம்பியது: "கல்லில்லாக் கினுவா! பல்லிருக்கறவங்க இங்க வாங்க! பல்லில்லாதவங்க எதிர்க்கடைக்குப் போங்க!"

போகப்போகப் பல் உள்ளவர்கள் எல்லோரும் அங்கே போனார்கள். சத்துர்னினாவின் கடைக்கு முன்னால் விரியும் சால்வைகள் குறைந்தன. கடை போனால் சோறு போகும் என்பது ஒரு பக்கம். மகன்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கொசுறு வாங்க ஆளில்லாத சத்துர்னினா என்றால், மணி கழன்றுபோன கோயில் மாதிரி.

இந்த நேரத்தில்தான் 'நீட்டிய கரங்கள்' என்ற தொண்டு நிறுவனம் கண்ணாடியோடு வந்து இறங்கியது. கோல்க்காபம்பாவுக்கு அந்தக் கரங்கள் பழக்கமானவை. முதலில் புகையில்லா அடுப்பை இலவசமாக நீட்டின. ஊர் வாங்கிக்கொண்டது, கோழிகள் குடியேறின. பிறகு கொசுவலை நீட்டின. கொசு மூச்சுமுட்டிச் செத்துப்போகும் உயரம் அது. இருந்தாலும் கொடுத்ததை மறுப்பது மரியாதையில்லை என்று வாங்கி, பள்ளி மைதானத்தில் கால்பந்துக் கோலுக்கு வலையாகக் கட்டினார்கள். அந்த வலைக்குள்தான் பக்கத்து ஊர் வாங்காரானி வந்து அடுக்கடுக்காகக் கோல் போட்டுவிட்டுப் போனது. அதற்கும் நிறுவனம்தான் காரணம் என்ற வருத்தம் ஊருக்கு இன்னமும் உண்டு.

இம்முறை தலைநகரத்திலிருந்து புதிய பொறுப்பாளர் வந்திருந்தார், இன்ஜினியர் உர்கீதி. அவர் படித்தது வணிக நிர்வாகம். ஆனாலும் ஜீப்பிலிருந்து பேன்ட் போட்டுக்கொண்டு இறங்குகிற யாரும் அந்த ஊருக்கு இன்ஜினியர்தான்; மறுத்தால் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல மனிதர். முந்தைய அடுப்புகளையும் வலைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர். பார்த்துவிட்டு ஒரு கொள்கையோடு திரும்பி வந்தவர். பள்ளிக்கூடக் கூடத்தில் ஊரைக் கூட்டிக் கொள்கையை விளக்கினார்.

"சும்மா குடுக்கறதை இனிமே நிறுத்திட்டோம். சும்மா வர்றதை யாரும் மதிக்கறதில்ல. அதனால கண்ணாடியை விக்கப்போறோம். ஒளிவுமறைவே கிடையாது. எங்களுக்கு அடக்கம் பதினஞ்சு பெசோ. உங்களுக்கு நாப்பது. மிச்ச லாபம் யார் பாக்கெட்டுக்கும் போகாது. அந்தக் காசுல அடுத்த ஊருக்குக் கண்ணாடி வாங்குவோம். உங்க கண்ணால அவங்க பாக்கப்போறாங்க!"

இந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று அவர் கொஞ்சம் நிறுத்தினார்.

"அடுத்த ஊருன்னா எது, இன்ஜினியரே?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாங்காரானி."

கூடத்தில் ஒரு கோழி கொக்கரித்தது கேட்டது. வாங்காரானிக்கும் கோல்க்காபம்பாவுக்கும் மேய்ச்சல் நிலத் தகராறு பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது. இடையில் கால்பந்தும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் சந்தைக்கு மட்டும் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம், மற்ற நாளில் கவண்கல்.

சத்துர்னினா எழுந்தாள். எழுந்தது பின்வரிசைக்குத் தெரியாததால் பெஞ்சின் மேல் ஏறினாள்.

"இப்பவே அவனுங்க எறியற கல்லு குறி தப்பறதில்ல. இதுல நாங்க வேற காசு போட்டு அவனுங்களுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுக்கணுமா? பூசாரிக்குக் குடுத்த காசுல பேய்க்குப் பூசை போடறீங்களே!"

கூடம் அதிர்ந்தது. இன்ஜினியர் பதறவில்லை. "முதல்ல போட்டுப் பாருங்க, தோன்யா. அப்பறம் திட்டுங்க" என்று நாற்காலியைக் காட்டினார்.

கண்ணாடி விற்பதற்காக நிறுவனம் அமர்த்தியிருந்த உள்ளூர்ப் பெண் பசிலியா, நிக்கானோர் என்கிற கொசுறுப் பிள்ளைக்கு ஞானத்தாய். அந்த உறவில் அவளும் சத்துர்னினாவும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பசிலியா ஒன்று மாற்றி ஒன்றாக மாட்டிப் பார்த்தாள். மூன்றாவதை மாட்டியதும் சத்துர்னினா மூச்சைப் பிடித்தாள்.

"கொமாத்ரே, உனக்கு மீசை இருக்கு."

"எப்பவும்தான் இருந்துச்சு, கொமாத்ரே."

"அட, எனக்குத் தெரியாமப்போச்சே." பாவாடை மடிப்பிலிருந்து ஒரு சிட்டிகை கினுவாவை எடுத்து உள்ளங்கையில் பரப்பினாள். தானியம் தானியமாகக் கிடந்தது. நடுவில் ஒரு கல் கருங்காளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை நகத்தால் தள்ளினாள். இன்னொன்று. அதையும் தள்ளினாள். கூடத்தையும் இன்ஜினியரையும் வாங்காரானியையும் மறந்து, கை காலியாகும்வரை தள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு ரவிக்கைக்குள் கைவிட்டு, சுருட்டிய நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். இன்ஜினியரின் முகம் மலர்ந்தது. ஆனால் சத்துர்னினா போகவில்லை. முதுகுச் சால்வையை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, நின்றாள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் எதற்கு நிற்கிறாள் என்று தெரியும். ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை.

"வேற என்ன வேணும், தோன்யா?"

"கொசுறு."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். "கண்ணாடிக்கு என்ன கொசுறு? மூணாவது கண்ணா?"

"அது உங்க பாடு. கடை உங்களுது."

"இது கடை இல்ல, தோன்யா. தொண்டு நிறுவனம்."

"அப்படியா? அப்ப நாப்பது பெசோ எதுக்கு?"

"சொன்னேனே. சும்மா குடுத்தா மதிக்கமாட்டீங்க. நிஜத்தைச் சொல்லுங்க, நாங்க குடுத்த அடுப்புக்குள்ள இப்ப என்ன இருக்கு உங்க வீட்டுல?"

சத்துர்னினா கொஞ்சம் தயங்கினாள். பொய் சொல்லலாம், ஆனால் ஊரே சாட்சிக்கு உட்கார்ந்திருந்தது.

"கோழி."

"பாத்தீங்களா!"

"நல்லா முட்டை வைக்குது. கோழி ரொம்ப மதிக்குது, இன்ஜினியரே."

இன்ஜினியரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் கொள்கை சிரிக்கவில்லை. உங்களுக்கு ஒன்று கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் கொடுத்தால் வாங்காரானிக்குப் போக வேண்டிய கண்ணாடி குறையும், அங்கேயும் கண் தெரியாத கிழவிகள் இருக்கிறார்கள் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் சால்வை விரித்து நிற்கிறவளிடம் நியாயம் பேசுவது, பந்தியில் உட்கார்ந்தவனுக்கு விவசாயப் புள்ளிவிவரம் வாசிப்பது போல.

"இங்க பாருங்க" என்றாள் சத்துர்னினா. "தருமம்னா சும்மா குடுக்கணும். கடைன்னா கொசுறு குடுக்கணும். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கறவனுக்கு எங்க ஊர்ல ஒரு பேரு உண்டு. வரி வசூல்காரன்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நோட்டுகளை எடுத்து ரவிக்கைக்குள் செருகினாள். கைக்கெட்டிய உலகம் மறுபடி பஞ்சாகிப் போனது. நிமிர்ந்த தலையோடு வாசலை நோக்கி நடந்தவள் கதவு நிலையில் நேராக மோதினாள். மோதிய வேகத்தில் தொப்பி சாய்ந்தது. அதைக்கூடச் சரிசெய்யாமல், நிலைதான் வழியில் குறுக்கே வந்தது என்பது போல அதை ஒரு முறை முறைத்துவிட்டு வெளியேறினாள்.

அந்த வாரச் சந்தையில்தான் அவள் மூட்டைமேல் ஏறிச் சவப்பெட்டி ஆணிப் பிரகடனத்தை வெளியிட்டாள். அன்றிலிருந்து கோல்க்காபம்பாவில் யாரும் கண்ணாடி வாங்கவில்லை. உருளைக்கிழங்குக்காரி, கம்பளிநூல்காரி, கோக்கா இலைக்காரி என்று கண் மங்கிய பெண்கள் அத்தனை பேரும் கையை நீட்டி, தலையைச் சாய்த்து, ஒருவருக்கொருவர் தப்புக் காசு கொடுத்துக்கொண்டு, கொள்கைக்காகப் பாடுபட்டார்கள். ஊசியில் நூல் கோக்கத் தெருவில் போகிற குழந்தைகளைப் பிடித்தார்கள். விடுதலைப் போர்களில்கூட இத்தனை ஒற்றுமை இருந்ததாகத் தெரியவில்லை.

இன்ஜினியர் சும்மா இருக்கவில்லை. ஐந்து பெசோ தள்ளுபடி என்று பலகை எழுதி மாட்டினார். பெண்கள் கொதித்துப்போனார்கள். "விலையைக் குறைன்னு இங்க யாரு கெஞ்சினா? நாங்க என்ன பிச்சைக்காரிங்களா?" பலகை இறங்கியது. கண்ணாடியோடு வரும் துணிப்பையைக் காட்டி, இதுதான் கொசுறு என்றார். அது விலைக்குள் அடக்கம் என்று கம்பளிநூல்காரி பையின் தையலைப் பார்க்காமலேயே, தடவியே சொன்னாள். கடைசியில் தலைமையகத்தில் பேசி அனுமதி வாங்கி, ஒரு கண்ணாடிக்கு ஒரு பென்சில் வீதம் பெட்டியோடு வரவழைத்தார். அங்கீகரிக்கப்பட்ட கொசுறு! சந்தை அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பனிமலையில் பனி சரிந்திருக்கும்.

"எல்லாருக்கும் ஒரே பென்சிலா? அளந்து குடுத்தா அது ரேஷன், இன்ஜினியரே."

"முகத்தைப் பாத்துக் குடுக்கணும். என் முகத்தைப் பாத்தாப் பென்சில் மாதிரியா இருக்கு?"

பாவம், மனிதர் களைத்துப்போய்ச் சோளக் கஞ்சிக் கடையில் உட்கார்ந்தார். குடித்து முடித்ததும் கடைக்காரி வழக்கப்படி அரைக் கரண்டி ஊற்றினாள். "நான் கேக்கலையே?" என்றார் அவர். "கேட்டாத் தர்றதுக்கு இது என்ன மருந்தா? குடிங்க." குடித்தார். குடித்துவிட்டு, நேர்மையான மனிதர் அல்லவா, அந்த அரைக் கரண்டிக்கும் சேர்த்துக் காசை வைத்தார். கடைக்காரியின் முகம் கன்னத்தில் அறைபட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காசை அவள் தொடவில்லை. சாயங்காலம்வரை அது பெஞ்சிலேயே கிடந்தது. இன்ஜினியருக்கு இனிமேல் கஞ்சி கிடையாது என்று சந்தை முழுக்கச் செய்தி போயிற்று.

இந்தப் போரில் உண்மையாக அடிபட்டவள் பசிலியா. விற்றால்தான் அவளுக்குக் காசு. "உன் வாயால என் பொழப்புல மண்ணு விழுது, கொமாத்ரே" என்று வீடு தேடி வந்து சொன்னாள்.

"உன் இன்ஜினியரை ஒரே ஒரு கை அள்ளிப் போடச் சொல்லு. நான் முதல் ஆளா வந்து நிக்கறேன்."

"கண்ணாடியை எப்படிடி கையால அள்றது?"

"அது என் கவலை இல்ல."

போர் நீண்டது. சத்துர்னினா தளரவில்லை. கடைக்கு முன் விரியும் சால்வைகள் குறையக் குறைய, வந்தவர்களுக்குக் கொசுறை இரட்டிப்பாக்கினாள். ஒரு கை போடும் இடத்தில் இரண்டு கை. எதிர்க்கடைக்காரி கல்லைத்தான் நீக்குவாள், மனசு கொடுப்பாளா? இப்படித்தான் அவளுடைய யுத்த தந்திரம். எதிரே பிளாசிதா கூவிக்கொண்டே இருந்தாள். சத்துர்னினா அள்ளிக்கொண்டே இருந்தாள்.

இறந்தவர்களுக்குப் படைக்கும் பண்டிகைக்கு முந்தைய சந்தை. வருடத்திலேயே பெரிய சந்தை அதுதான். வாங்காரானிக்காரர்கள்கூடக் கவணை இடுப்பில் சுருட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். எல்லாக் கடையிலும் கூட்டம். சத்துர்னினாவின் கடையில் மட்டும் பசிலியா ஒருத்திதான். என்ன சண்டை இருந்தாலும் ஞானத்தாய் உறவுக்காரி வேறு கடையில் கினுவா வாங்கமாட்டாள். அது அவர்கள் இருவருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம்.

அளந்தாயிற்று. காசு கைமாறியாயிற்று. சத்துர்னினா மூட்டைக்குள் முழங்கைவரை விட்டு, இதுவரை யாருக்கும் அள்ளாத அளவுக்கு அள்ளினாள். விரல் இடுக்கிலெல்லாம் வழிந்தது. பெருமையாக நிமிர்ந்தாள்.

பசிலியா சால்வையை மூடிக்கொண்டாள்.

"வேணாம், கொமாத்ரே."

"என்ன வேணாம்?"

"கொசுறு வேணாம்."

சத்துர்னினாவின் கை அந்தரத்தில் நின்றது. சந்தையில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "யாருமேல கோவம்? என்மேலயா? கண்ணாடிக்காகவா?"

"கோவமெல்லாம் இல்ல." பசிலியா குனிந்து, மற்றவர் காதில் விழாமல் சொன்னாள். "காசு குடுத்து வாங்கினதுல கல்லு இருந்தா, என் காசாச்சேன்னு உக்காந்து பொறுக்கிடறேன். சும்மா வர்ற கல்லையும் பொறுக்க எனக்கு நேரமில்ல, கொமாத்ரே. உன் கொசுறைக் கொஞ்ச நாளாவே நான் கோழிக்குத்தான் போடறேன். கோழியும் பாத்துத்தான் கொத்துது."

பசிலியா மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எதிர்க்கடையில் பிளாசிதா இதைப் பார்த்தாள். கூவ வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். அவள் கூவியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கையில் இருந்ததைத் திருப்பி மூட்டையில் போட சத்துர்னினாவுக்குக் கை வரவில்லை. கொசுறு என்று அள்ளிய பிறகு அது மூட்டைக்குச் சொந்தமில்லை. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கடைசியில் ஒரு வாய் எடுத்துப் பச்சையாகவே போட்டுக்கொண்டு, பல்லை அழுத்தி மென்றாள்.

நறுக்.

துப்பவில்லை. இன்னொரு வாய் போட்டாள். மறுபடி நறுக். தான் கொடுத்த மனசை முழுவதுமாகத் தின்று முடித்துவிடுவது என்று தீர்மானித்தவள் போல, கை காலியாகும்வரை மென்றாள். கசப்பு நாக்கில் ஏறியது. கழுவாத கினுவா கசக்கும். கசப்புக்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளவும் இடமிருந்தது.

பிறகு மூட்டை வாயைக் கட்டினாள். பெருஞ்சந்தை அன்று, கூட்டம் அலைமோதும் உச்சிப் பொழுதில், சத்துர்னினா உவராச்சி கடையைத் துணி போட்டு மூடியது அதுவே முதல் தடவை.

அடுத்து நடந்ததைக் 'கொள்கையின் வெற்றி' என்று இன்ஜினியர் உர்கீதி தலைநகரத்தில் ஒரு கூட்டத்தில் பேசியதாகக் கேள்வி. விலை கொடுத்தால் மக்கள் மதிப்பார்கள் என்பதற்கு இது சான்று என்றாராம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நேரத்தில் அவர் ஆற்றங்கரையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடக் கூடத்தில் பசிலியா மட்டும்தான் இருந்தாள். சத்துர்னினாவைப் பார்த்ததும், சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

"அந்த மூணாவது" என்றாள் சத்துர்னினா.

பசிலியா எடுத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு சத்துர்னினா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஒரு பொடிக்கல் ஒட்டியிருந்தது, அதைச் சுண்டிவிட்டாள். சுருட்டிய நோட்டுகளை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாக நீவி வைத்தாள்.

"மிச்சக் காசு வாங்காரானிக்குத்தான் போகுதா?"

"அங்கதான் போகுது, கொமாத்ரே. நான் என்ன பண்றது?"

"போகட்டும். இன்னைக்குச் சந்தையில பாத்தேன், அவனுங்க பொண்டாட்டிங்க கினுவாவை மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டு முழிக்கறாளுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு வரட்டும். எவ கடையில கல்லு இருக்குன்னு அவங்களுக்கும் தெரியணுமில்ல."

பசிலியாவின் கை மேசையின் இழுப்பறைக்குள் போயிற்று. உள்ளே ஒரு கயிறு இருந்தது. கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள, சிவப்பும் பச்சையுமாகக் கம்பளி நூலில் அவளே பின்னியது. பென்சில் பெட்டி வருவதற்கு வெகு முன்னாலேயே, கொமாத்ரே கேட்கிற அன்றைக்குக் கொடுக்கலாம் என்று பின்னி வைத்தது. நிறுவனத்துக்குத் தெரியாது, எந்தக் கொள்கையிலும் அது இல்லை. கயிற்றைக் கைக்குள் பிடித்துக்கொண்டு, சால்வை விரியட்டும் என்று காத்து நின்றாள்.

"வேற ஏதாவது, கொமாத்ரே?" என்று வழியும் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் சத்துர்னினா.

சால்வையின் இரண்டு முனைகளையும் இழுத்து மார்பின் மேல் இறுக்கி முடிச்சுப் போட்டாள். தொப்பியைச் சரிசெய்தாள். கதவு நிலையைத் தொடாமல் வாசலைத் தாண்டி, கட்டிவைத்த மூட்டையை அவிழ்க்கச் சந்தைக்குள் நடந்தாள்.